97.3% திரும்பி வரும் என்றால் 200 பவுண்டும் எங்கே போயிற்று? ஆன்லைன் ரௌலட்டின் ஹவுஸ் எட்ஜ் கணக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பிரிட்டனில் இருப்பவர். அங்கே உரிமம் பெற்ற ஒரு தளத்தில் ஒற்றை ஜீரோ உள்ள ஐரோப்பிய ரௌலட் ஆடியிருக்கிறார்; சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம் அது. டீலர் இல்லாத, கணினியே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வகை. 200 பவுண்டு போட்டார். சுற்றுக்கு 10 பவுண்டு: 5 சிவப்பில், மீதி 5 தனக்குப் பிடித்த ஐந்து எண்களில் தலா ஒன்று. முக்கால் மணி நேரத்தில் 400 சுற்று, பணம் முழுவதும் காலி. "விதிகள் பக்கத்தில் ஆர்டிபி (ஆடுகிறவருக்குத் திரும்பி வரும் சதவீதம்) 97.30% என்று போட்டிருக்கிறது. 200 பவுண்டில் 2.7% என்றால் 5 பவுண்டு 40 பென்ஸ்தானே போயிருக்க வேண்டும்? தளம் ஏமாற்றுகிறதா? தோற்கும்போது இரட்டிப்பாக்கி ஆடினால் இதைத் தவிர்க்கலாமா?" என்பது அவர் கேள்வி.

தளம் ஏமாற்றியதற்கு இந்த எண்களில் தடயம் எதுவும் இல்லை. அந்த 97.30% எதன் மீதான சதவீதம் என்பதில்தான் குழப்பம். நீங்கள் கணக்கில் போட்ட பணத்தின் மீது அல்ல, மேசையில் வைத்த ஒவ்வொரு பந்தயத்தின் மீதும் அது கணக்கிடப்படுகிறது. சுற்றுக்கு 10 பவுண்டு வீதம் 400 சுற்று என்றால் வைத்த பந்தயம் மொத்தம் 4,000 பவுண்டு. கையிலிருந்த 200 பவுண்டு, வென்றதும் தோற்றதுமாக இருபது முறை புரண்டிருக்கிறது. 4,000 பவுண்டில் 2.7% என்பது 108 பவுண்டு. அதுதான் எதிர்பார்க்க வேண்டிய நட்டம். உங்களுக்கு உண்மையில் திரும்பி வந்தது 3,800, அதாவது 95%. 97.3-க்கும் 95-க்கும் உள்ள இந்த இடைவெளி இயல்பானதுதானா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அந்த 2.7% எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "பச்சை ஜீரோ விழுந்தால் கேசினோ ஜெயிக்கும், அதுதான் அதன் லாபம்" என்பார்கள். ஜீரோவிலும் நீங்கள் பந்தயம் வைக்கலாம், விழுந்தால் மற்ற எண்களைப் போலவே 1-க்கு 35 கிடைக்கும். ஆகவே ஜீரோ தன்னளவில் கேசினோவின் எண் அல்ல. சக்கரத்தில் குழிகள் 37, பரிசோ 36 குழிகள் மட்டுமே இருப்பது போலக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஹவுஸ் எட்ஜ் எனப்படும் கேசினோவின் பங்கு முழுவதும் அந்த ஒரு குழி வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மேசையிலேயே போட்டுப் பார்க்கலாம். 0 முதல் 36 வரை எல்லா எண்களிலும் தலா ஒரு பவுண்டு வையுங்கள். 37 பவுண்டு செலவு. பந்து எங்கே விழுந்தாலும் ஓர் எண் வென்றே தீரும். வென்ற எண்ணுக்கு 35 பவுண்டு பரிசு, அதில் வைத்த 1 பவுண்டும் திரும்பும், ஆக 36. ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒரு பவுண்டு குறையும், அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. 1-ஐ 37-ஆல் வகுத்தால் 2.70%. வென்ற எண்ணுக்கு 1-க்கு 36 கொடுத்திருந்தால் ஹவுஸ் எட்ஜ் சுத்தமாக மறைந்திருக்கும்.

மற்ற பந்தயங்களின் பரிசும் இதே வாய்பாட்டில் வருவதுதான். ஒரு பந்தயத்தில் எத்தனை எண்களைச் சேர்த்து வைக்கிறீர்களோ, 36-ஐ அதனால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். இரண்டு எண்ணுக்கு 17, மூன்றுக்கு 11, நான்குக்கு 8, ஆறுக்கு 5, பன்னிரண்டுக்கு 2, சிவப்பு கறுப்பு போன்ற பதினெட்டுக்கு 1. எல்லாம் ஒரே 36-லிருந்து வெட்டப்பட்டவை, ஆகவே எல்லாவற்றிலும் எட்ஜ் ஒரே 2.70%. சிவப்பில் வைப்பது பாதுகாப்பு, தனி எண்ணில் வைப்பது மோசம் என்று ஒன்றும் இல்லை. மாறுவது ஏற்ற இறக்கத்தின் அளவு மட்டும். 10 பவுண்டை 400 சுற்றும் சிவப்பில் வைத்தால் சராசரி நட்டம் 108, திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளிப்போகும் என்ற அளவு) 200. அதையே ஒரு தனி எண்ணில் வைத்தால் சராசரி நட்டம் அதே 108, விலக்கமோ ஏறத்தாழ 1,170.

இந்த வாய்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த மேசையையும் அரை நிமிடத்தில் எடை போடலாம். அமெரிக்கச் சக்கரத்தில் 0, 00 என இரண்டு பச்சை, குழிகள் 38, பரிசு அதே 35. எட்ஜ் 2/38, அதாவது 5.26%. மூன்று பச்சை உள்ள சக்கரமும் வந்திருக்கிறது: 3/39, 7.69%. அமெரிக்க மேசையில் 0, 00, 1, 2, 3 என்ற ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயம் ஒன்று உண்டு. 36-ஐ ஐந்தால் வகுத்தால் முழு எண் வராது. 6.2 கொடுக்க வேண்டிய இடத்தில் 6 மட்டும் கொடுக்கிறார்கள், எட்ஜ் 7.89% ஆகிறது. அந்த மேசையில் மற்ற எதையும்விட மோசமான பந்தயம் அதுதான். 13 குழிகள் கொண்ட மினி ரௌலட்டில் தனி எண்ணுக்கு 11 கொடுத்தால் எட்ஜ் 1/13. சக்கரம் சிறியதாகவும் விளையாட்டு எளியதாகவும் தெரியும், கழிவோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஒற்றை ஜீரோ வந்த கதையே இந்தக் கழிவைப் பற்றியதுதான். 1843-இல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்கில் பிளாங் சகோதரர்கள் ஒற்றை ஜீரோ சக்கரத்தை இறக்கினார்கள். மற்ற இடங்களில் இரண்டு ஜீரோ இருந்த காலத்தில், கழிவைப் பாதியாக்கிக் கூட்டத்தை இழுப்பது அவர்கள் கணக்கு. பின்னர் அவர்களில் ஒருவரான பிரான்ஸுவா பிளாங் 1863-இல் மொனாக்கோவின் மான்டே கார்லோ கேசினோவை எடுத்து நடத்தியபோது அந்தச் சக்கரம் அங்கும் போயிற்று.

2.70-க்கும் கீழே போக முறையான வழி ஒன்று உண்டு. பிரெஞ்சு ரௌலட் மேசைகள் சிலவற்றில் "லா பார்தாஜ்" என்ற விதி இருக்கும். சிவப்பு/கறுப்பு, ஒற்றை/இரட்டை, 1–18/19–36 ஆகிய சமப் பந்தயங்களில் வைத்திருக்கும்போது ஜீரோ விழுந்தால் பாதிப் பணம் திரும்பும். எட்ஜ் பாதியாகி 1.35%. பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். "பிரெஞ்சு" என்று தலைப்பில் எழுதியிருந்தும் அந்த விதி இல்லாத மேசைகள் உண்டு. விதிகள் பக்கத்தில் ஜீரோ விழுந்தால் சமப் பந்தயத்துக்கு என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். தனி எண்ணிலோ டஜனிலோ வைத்தால் இந்தச் சலுகை கிடையாது.

பெருக்கல் பரிசு உள்ள புது வகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். லைட்னிங் ரௌலட்டில் தனி எண்ணுக்குப் பரிசு 35 அல்ல, 29. ஒவ்வொரு சுற்றிலும் சில எண்களுக்கு 50 மடங்கு முதல் 500 மடங்கு வரை அறிவிப்பார்கள். பெருக்கல் விழாத நேரத்தில் தனி எண்ணில் திரும்பி வருவது 30/37, அதாவது 81%. மீதம் முழுவதும் அரிதாக வரும் பெரிய பரிசுக்குள் இருக்கிறது. நீண்ட கால ஆர்டிபி சாதாரண மேசைக்குப் பக்கத்தில் இருந்தாலும், ஓர் இரவில் ஆடுகிறவருக்கு அந்தப் பெரிய பரிசு வராமலே போவதுதான் வழக்கம். அவர் கை உணர்வது 81-ஐத்தான்.

இனி வேகம். உங்கள் 200 பவுண்டை இவ்வளவு சீக்கிரம் தின்றது எட்ஜைவிட வேகம்தான் என்பது என் முடிவு. டீலர் பந்தை உருட்டும் லைவ் மேசையில் பந்தயம் வைக்க நேரம், பந்து சுழலும் நேரம், பரிசு கணக்கிடும் நேரம் எல்லாம் சேர்ந்து மணிக்கு ஐம்பது, அறுபது சுற்றுதான் ஓடும். 55 சுற்று, சுற்றுக்கு 10 பவுண்டு என்றால் மணிக்கு எதிர்பார்க்கும் நட்டம் சுமார் 15 பவுண்டு. நீங்கள் ஆடிய வேகம் மணிக்கு 533 சுற்று. அதே 10 பவுண்டுக்கு நட்டம் மணிக்கு 144. எட்ஜ் ஒன்று, பந்தயம் ஒன்று, செலவு மட்டும் பத்து மடங்குக்குக் கிட்டே. பிரிட்டனில் 2025 ஜனவரி 17 முதல் ஆன்லைன் கேசினோ விளையாட்டுகளில் ஒரு சுற்று 5 விநாடிக்குக் குறையக் கூடாது, தானாகச் சுழலும் ஆட்டோபிளே கூடாது, அமர்வில் எவ்வளவு நேரம் போயிற்று, நிகரமாக எவ்வளவு பணம் போயிற்று என்று திரையில் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 5 விநாடி என்றாலும் மணிக்கு 720 சுற்று என்பதை மறக்க வேண்டாம். அந்த நிகரத் தொகைக் கட்டம் சிறிதாக ஓரத்தில் இருக்கும். ஆடும்போது பார்க்க வேண்டிய எண் அதுதான், கடைசியாக விழுந்த எண்களின் பட்டியல் அல்ல.

அந்தப் பட்டியலைப் பற்றி இரண்டு வார்த்தை. "சூடான எண்", "குளிர்ந்த எண்" என்று திரையில் காட்டுவதைப் பார்த்துப் பந்தயத்தை மாற்றுகிறவர்கள் ஏராளம். 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மான்டே கார்லோவில் ஒரே மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனிச் சிவப்புதான் வரும் என்று சுற்றுக்குச் சுற்று ஏற்றி வைத்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். பதினைந்து கறுப்புக்குப் பிறகும் அடுத்த சுற்றில் சிவப்பு வர வாய்ப்பு 18/37 மட்டுமே. எண்ணை உருவாக்கும் நிரலுக்கு முந்தைய சுற்று என்று ஒன்று இருந்ததே தெரியாது.

இப்போது இரட்டிப்பு முறைக்கு வருவோம், நீங்கள் கேட்டதும் இதைத்தான். மார்ட்டிங்கேல் என்பார்கள். தோற்றால் இரட்டிப்பு, வென்றால் மீண்டும் முதல் தொகை. உங்கள் 200 பவுண்டிலேயே கணக்கிடுவோம். 5, 10, 20, 40, 80: ஐந்து படி, மொத்தம் 155. ஆறாவது படிக்கு 160 வேண்டும், கையில் இருப்பது 45. ஆகவே தொடர்ந்து ஐந்து தோல்வி வந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு சுற்றில் தோற்கும் வாய்ப்பு 19/37. அதை ஐந்து முறை பெருக்கினால் 3.57%, 28-இல் ஒன்று. முதல் தொகையில் தொடங்கி ஒரு வெற்றியிலோ ஐந்தாவது தோல்வியிலோ முடிவதை ஒரு தொடர் என்போம்; அது சராசரியாக இரண்டு சுற்றில் முடியும். 28 தொடர் என்பது சுமார் 56 சுற்று, நீங்கள் ஆடிய வேகத்தில் ஆறேழு நிமிடம். அந்த 28-இல் 27 முறை 5 பவுண்டு வீதம் 135 வரும், ஒரு முறை 155 போகும். இருபது பவுண்டு பள்ளம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் இதன் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். ஒரு தொடரில் சராசரியாக 26 பவுண்டு 39 பென்ஸ் பந்தயமாக வைக்கப்படுகிறது. சராசரி நட்டம் 71 பென்ஸ். வகுத்துப் பாருங்கள், 2.70%. இரட்டிப்பு முறை எட்ஜைத் தொடவே இல்லை. நட்டத்தை எடுத்து, அடிக்கடி வரும் சிறு வெற்றிகளாகவும் அரிதாக வரும் பெரிய அடியாகவும் மறுபடி அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கையில் அதிகப் பணம் இருந்தால் அந்த அடி தள்ளிப்போகும், ஆனால் மேசையின் உச்ச வரம்பு குறுக்கே நிற்கும். உச்ச வரம்பே இல்லாத மேசையிலும் உங்கள் பணத்துக்கு ஒரு வரம்பு உண்டு.

35 எண்களில் வைத்து இரண்டை மட்டும் விட்டுவைக்கும் முறை, சிவப்போடு மூன்றாம் வரிசையைச் சேர்க்கும் முறை (அந்த வரிசையில் சிவப்பு 8, கறுப்பு 4 என்பதால் அதில் ஏதோ ரகசியம் இருப்பதாகச் சொல்வார்கள்) எல்லாமே இப்படித்தான். 35 எண்களில் தலா ஒரு பவுண்டு: 37-இல் 35 முறை ஒரு பவுண்டு லாபம், 2 முறை 35 பவுண்டு நட்டம். கூட்டிக் கழித்தால் 35 பவுண்டுக்கு 94.6 பென்ஸ் நட்டம், அதே 2.70%. ஒவ்வொரு பந்தயமும் தனித்தனியாக 2.70% இழக்கும்போது அவற்றை எந்த வரிசையில், எந்தக் கலவையில் கூட்டினாலும் லாபம் பிறக்காது. பந்தயத் தொகையை மாற்றி எட்ஜை மாற்ற முடியாது. நிகழ்தகவு மாற வேண்டும், அல்லது பரிசு மாற வேண்டும்.

நிகழ்தகவையே மாற்றியவர்கள் உண்மையில் இருந்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1961-இல் கணிதவியலாளர்கள் எட்வர்ட் தார்ப், கிளாட் ஷானன் இருவரும் உடலில் மறைத்துக்கொள்ளும் சிறு கணினி ஒன்றைச் செய்து, பந்தின் வேகத்தைக் கொண்டு அது விழும் பகுதியைக் கணித்தார்கள். 1990-களில் மாட்ரிட் கேசினோவில் கொன்சாலோ கார்சியா-பெலாயோ குடும்பத்தினர் ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் குறித்துவைத்து, சில சக்கரங்கள் சில எண்களின் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து அவற்றில் வைத்து வென்றார்கள். இரண்டும் மரமும் உலோகமும் கொண்ட நிஜச் சக்கரத்தின் குறைகள். நீங்கள் ஆடியது நிரல், அதில் தேயும் அச்சும் இல்லை, தளரும் தடுப்பும் இல்லை.

போனஸ் எட்ஜைக் குறைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். நிபந்தனையைப் படித்தால் பெரும்பாலும் எதிர்மாறாக இருக்கும். 50 பவுண்டு போனஸ், அதைப் பத்து மடங்கு ஆட வேண்டும் என்றால் 500 பவுண்டு. பல தளங்களில் ரௌலட் பந்தயத்தில் 10 அல்லது 20 சதவீதம் மட்டுமே அந்தக் கணக்கில் சேரும், சிலவற்றில் சேரவே சேராது. 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் புரட்ட வேண்டியது 5,000 பவுண்டு, அதில் எதிர்பார்க்கும் நட்டம் 135. ஐம்பதை எடுக்க நூற்று முப்பத்தைந்து. சிவப்பிலும் கறுப்பிலும் ஒரே நேரத்தில் வைத்து இதைக் கடக்கலாம் என்று நினைத்தால், போனஸ் விதிகளில் அதைத் தடுக்கும் வரி பெரும்பாலும் இருக்கும், வென்ற தொகையும் ரத்தாகும்.

கடைசியாக, தளம் நேர்மையாக ஓடியதா என்ற கேள்வி. உங்கள் பந்தயக் கலவைக்கு 400 சுற்றின் திட்ட விலக்கம் தோராயமாக 260 பவுண்டு. எதிர்பார்த்த நட்டம் 108, உங்கள் நட்டம் 200. வித்தியாசம் 92, ஒரு விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. இது மிகச் சாதாரணமான இரவு. இதே முறையில் 400 சுற்று ஆட உட்காரும் ஒருவரின் 200 பவுண்டும் வழியிலேயே தீர்ந்துபோகும் வாய்ப்பு பாதிக்கும் மேல். எதிர்பார்த்த நட்டம் கையிருப்புக்குள் அடங்கினாலும், ஏற்ற இறக்கம் கையிருப்பைவிடப் பெரிதாக இருந்தால் பணம் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். சமப் பந்தயம் மட்டும் ஆடுகிறவர் லாபத்தில் எழுந்திருக்கும் வாய்ப்பு 100 சுற்றுக்குப் பின் 36%, 1,000-க்குப் பின் 19%, 10,000-க்குப் பின் 0.3%.

சோதித்துப் பார்க்க விரும்பினால் கணக்குப் பகுதியிலிருந்து ஆட்ட வரலாற்றை எடுத்து எண்ணுங்கள். 400 சுற்றில் சிவப்பு 195 அளவில் வர வேண்டும், 175 முதல் 215 வரை வந்தால் கவலை இல்லை. ஜீரோ 11 அளவில் வரும், 4 முதல் 17 வரை இயல்பு. 37 எண்களில் ஏதோ ஒன்று 18 முறை வந்திருப்பதும், இன்னொன்று 4 முறை மட்டும் வந்திருப்பதும் எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் ஒரு தளம் 2.70-க்குப் பதில் 5.26 கழிக்கிறதா என்று சமப் பந்தயங்களை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே ஆறாயிரம் சுற்று வேண்டும். தனி எண் பந்தயங்களை வைத்துச் சொல்வதானால் இரண்டு லட்சத்துக்கு மேல். நானூறு சுற்றில் மனதில் படுவதை வைத்து ஒரு தளத்தை நம்பவும் முடியாது, குற்றம் சொல்லவும் முடியாது.

அதனால்தான் உரிமம் முக்கியம். பிரிட்டனில் நிரலை வெளி ஆய்வகம் சோதிக்க வேண்டும், உண்மையில் திரும்பிய சதவீதத்தையும் நிறுவனம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். உரிமம் இல்லாத தளம் 97.30% என்று எழுதிவைப்பதைத் தடுக்க யாரும் இல்லை. இதை இந்தியாவிலிருந்து படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டின் 2022 சட்டமும், 2025-இல் வந்த மத்தியச் சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரௌலட்டைத் தடை செய்திருக்கின்றன. அங்கே திரையில் வரும் எந்த ரௌலட் தளத்துக்கும் உள்ளூர் உரிமம் இருக்க முடியாது, பணம் வராவிட்டால் முறையிட அதற்கென்று ஒரு அமைப்பும் இல்லை.

உங்கள் எண்ணிக்கை மேலே சொன்ன எல்லைகளைத் தாண்டி இருந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத வேண்டும். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் அவர்கள் விதிகளில் பெயர் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சைத் தீர்வு அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம். எழுதும்போது சந்தேகமுள்ள ஒவ்வொரு சுற்றின் தேதி, நேரம், வரலாற்றில் அதன் பக்கத்தில் இருக்கும் சுற்று அடையாள எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். சேவையகப் பதிவில் அந்தச் சுற்றை அந்த எண்ணைக் கொண்டுதான் தேடி எடுப்பார்கள்.